செல்லாத விடை

பையை மடியிலயே வெச்சுக்கறேங்க, மேல வேண்டாம். மேல வெச்சா வளைவுல சாஞ்சிரும். நீங்க நல்லா உக்காருங்க, எடம் தாராளமா இருக்குது. ஜன்னலோரம் வேணும்னா மாறிக்கலாம், எனக்கு எதுவானாலும் ஒண்ணுதான். வேண்டாமா, சரி. அன்னூருக்கா? நான் புளியம்பட்டி. உங்களுக்கு அப்புறம் இன்னொரு அரை மணி நேரம். கையில தட்டெல்லாம் இருக்குதே, விசேசமா? காதுகுத்தா. நல்லது, நல்லது.

இது சாப்பாடுதாங்க. ரெண்டு டப்பா. ஒண்ணு எனக்கு, ஒண்ணு அவங்களுக்கு. அவங்கன்னா அமராவதின்னு ஒருத்தங்க, புளியம்பட்டியில இருக்காங்க. அவங்ககிட்ட ஒரு கையெழுத்து வாங்கணும், அதுக்குத்தான் போறேன். ஒரே ஒரு கையெழுத்து. தபால்ல அனுப்பியிருக்கலாமேன்னு நீங்க நினைப்பீங்க. எங்க தம்பியும் அதைத்தான் சொன்னான், பெங்களூர்ல உக்காந்துக்கிட்டு. "அக்கா, ஸ்பீடு போஸ்ட்டுன்னு ஒண்ணு இருக்குது"ங்கறான். இருக்கட்டுமே. சில கையெழுத்தெல்லாம் நேர்ல போய்த்தான் வாங்கணும். அது ஆய்வு நெறிமுறை.

நான் புரொபசருங்க. சைக்காலஜி. மே மாசம்தான் ரிட்டயர் ஆனேன், முப்பத்தோரு வருச சர்வீஸ். பாருங்க, நீங்களும் அப்படித்தான் பாக்கறீங்க. சைக்காலஜின்னு சொன்னதும் பக்கத்துல இருக்கறவங்க கொஞ்சம் தள்ளி உக்காருவாங்க, மனசுக்குள்ள இருக்கறதையெல்லாம் படிச்சிருவேன்னு. இல்லாட்டி, எங்க நாத்தனார் பையன் சரியாத் தூங்க மாட்டேங்கறான், என்ன பண்றதுன்னு கேப்பாங்க. எனக்கு அது ரெண்டும் தெரியாதுங்க. நான் பாக்கறது கம்பெனிங்களை. ஒரு கம்பெனியில ஆம்பளை, பொம்பளை, உள்ளூர்க்காரங்க, வடக்க இருந்து வந்தவங்க, காது கேக்காதவங்க, இந்தச் சாதி, அந்தச் சாதின்னு பல மாதிரி ஆளுங்க இருக்காங்கல்ல. அவங்கெல்லாம் சேந்து இருக்காங்களா, இல்லை ஒரே கூரைக்கடியில தனித்தனியா இருக்காங்களா, அதைக் கண்டுபிடிச்சு, எப்படி மாத்தலாம்னு கம்பெனிக்குச் சொல்றது. பன்முகத்தன்மையும் நிறுவன வளர்ச்சியும்னு அதுக்கு நீளமா ஒரு பேரு. விசிட்டிங் கார்டுல ரெண்டு வரி வரும்.

வேலை நேரத்துல போய் நின்னா ஒண்ணும் தெரியாதுங்க. ஸ்பேனர் எடு, ஒயரைப் புடின்னு எல்லாரும் எல்லார்கூடயும் பேசித்தானே ஆகணும். சாப்பாட்டு நேரத்துல பாக்கணும். பெல் அடிச்சதும் யார் யார்கூட டப்பாவைத் தொறக்கறாங்கன்னு பாத்தாப் போதும், மத்ததை எதுவும் கேக்கவே வேண்டாம். இந்தப் பக்கத்துல அதை மொத மொதல்ல பண்ணினது நான்தான். ஒரு தாள் குடுப்பேன், அதுல ஒரே கேள்வி. மதியச் சாப்பாட்டை யாரோட உக்காந்து சாப்பிட உங்களுக்குப் பிடிக்கும், மூணு பேரை எழுதுங்க. அவ்வளவுதான். அதை வெச்சு ஒரு படம் போடுவேன். ஆளுக்கு ஒரு வட்டம். நீங்க என் பேரை எழுதினா உங்க வட்டத்துல இருந்து என் வட்டத்துக்கு ஒரு கோடு. சிலருக்குப் பத்துக் கோடு வரும், சிலருக்கு ரெண்டு வரும். ஒரு கோடும் வராத வட்டமும் இருக்கும். அதைக் கண்டுபிடிக்கத்தானே படமே போடறது.

எட்டு வருசம் முன்னாடி ஒரு பம்புக் கம்பெனியில இந்த ஆய்வு பண்ணினேன். பேரு வேண்டாம், சொல்லக் கூடாது. மோட்டாருக்குள்ள செம்புக் கம்பி சுத்தறாங்கல்ல, வைண்டிங்னு சொல்வாங்க, அந்த செக்சன்ல இருபத்துநாலு பொம்பளைங்க. ஆளுங்க விசயத்தைப் பாத்துக்கற மேனேஜர் சுதர்சனம்னு ஒருத்தர், நல்ல மனுசன், என்ன சொன்னாலும் குறிச்சுக்குவார். செய்வாரான்னு கேக்காதீங்க, குறிச்சுக்குவார்.

அமராவதி அங்கேயே கூட்டிப் பெருக்கிக்கிட்டு, கக்கூசு கழுவிக்கிட்டு இருந்தவங்க. கை வேகம்னா அப்படி ஒரு வேகம். ஒரு நாள் யாரோ பாதி சுத்தி விட்டுட்டுப் போன கம்பிக் காயிலை, தொடைப்பத்தைச் சுவத்துல சாய்ச்சு வெச்சுட்டு, அவங்க பாட்டுக்குச் சுத்தி முடிச்சு வெச்சுட்டாங்க. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். இவங்களை வைண்டிங்குல போடுங்கன்னு சுதர்சனத்துக்கு நான்தான் எழுதிக் குடுத்தேன். போட்டுட்டாங்க. தொடைப்பம் போய் நீலக் கோட்டு வந்துச்சு. போட்டோ எடுத்தாங்க, நடுவுல அமராவதி, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் சுதர்சனம். எங்க வீட்டு ஹால்ல இன்னிக்கும் அது இருக்குது. வர்றவங்க யாருன்னு கேப்பாங்கன்னு வாசலைப் பாத்தாப்புல மாட்டியிருக்கேன்.

வேலையில அவங்ககிட்ட ஒரு கொறையும் இல்லை. ஆனா பெல் அடிச்சதும் அவங்க மேசை காலியாத்தான் கெடக்கும். யாரும் ஒரு வார்த்தை தப்பாப் பேசலைங்க, அதையும் சொல்லணும். இங்க எடம் இருக்குதான்னு கேட்டா, இருக்குதேம்பாங்க. ஆனா பக்கத்து ஸ்டூல்ல ஒரு பையோ தண்ணி பாட்டிலோ இருக்கும். எதுக்குன்னு யாரும் வாய் விட்டுச் சொல்றதில்லை. உங்களுக்குத் தெரியாததா.

தாள் குடுத்தேன், வாங்கினேன், படம் போட்டேன். பேரு போடக் கூடாது, நம்பர்தான். அதுல நான் ரொம்பக் கண்டிப்பு. ஒண்ணுல இருந்து இருபத்துநாலு வரைக்கும். எனக்குச் சுலபமா இருக்கட்டும்னு வேலை பாக்கற ஸ்டூல் வரிசையிலயே குடுத்திருந்தேன், சுவத்தோரத்து ஸ்டூல் ஒண்ணு, அடுத்தது ரெண்டு, அப்படி. எல்லாரையும் கேன்டீன்ல உக்கார வெச்சுத் திரையில காட்டினேன். பதினேழாம் வட்டம் மட்டும் ஓரமா நிக்குது, ஒரு கோடு கெடையாது. நான் குச்சியால அதைத் தொட்டு, "இந்த ஒருத்தருக்கு என்ன நடக்குதுன்னு நாம எல்லாரும் யோசிக்கணும்"னேன். பேரையே சொல்லலை பாருங்க. பின்னாடி யாரோ ஸ்டூல் வரிசையை வாய்க்குள்ளயே எண்ணற மாதிரி இருந்துச்சு, பதினஞ்சு, பதினாறுன்னு. அப்புறம் நாற்காலி எல்லாம் திரும்பற சத்தம். நான் திரையைப் பாத்துக்கிட்டு இருந்தேங்க, அதனால யார் மூஞ்சியும் எனக்குத் தெரியலை. முடிச்சப்போ கை தட்டினாங்க. நல்லாவே தட்டினாங்க.

அதோட விட்டிருந்தா அது ஆராய்ச்சி. நான் தீர்வும் குடுத்தேன். வாராவாரம் சீட்டுக் குலுக்கி, எந்த மேசை விழுதோ அங்கதான் சாப்பிடணும். அப்படித்தான் எல்லாரும் கலப்பாங்க. மொத வாரமே சீட்டு எடுத்தாங்க, விரிச்சுப் பாத்தாங்க, ஒருத்தருக்கொருத்தர் சீட்டை மாத்திக்கிட்டாங்க. அமராவதி அவங்க சீட்டைக் கையில வெச்சுக்கிட்டு அதையெல்லாம் பாத்துக்கிட்டு நின்னாங்களாம். சுதர்சனம் அப்புறமாச் சொன்னார். எனக்கு அப்போ பரீட்சைத்தாள் திருத்தற வேலை, நேர்ல போக முடியலை.

மூணாவது வாரம் அவங்க வேலையை விட்டே நின்னுட்டாங்க. சொந்தக் காரணம்னு சுதர்சனம் எழுதினார், நானும் அப்படியே எழுதினேன். அறிக்கையில ஒரு வரி, விலகல் ஒருவர்னு. மத்தபடி அந்த ஆய்வு பெரிய வெற்றிங்க. ஆறு மாசம் கழிச்சுத் திரும்பப் படம் போட்டா, கோடு வராத வட்டம் ஒண்ணுகூட இல்லை. ஒண்ணுகூட. டெல்லியில கூப்பிட்டு விருது குடுத்தாங்க.

தண்ணி குடிக்கறீங்களா? காய்ச்சின தண்ணிதான். வேண்டாமா, சரி.

நான் எதுக்கு இதையெல்லாம் சொல்றேன்னா, எனக்கு நடந்தது ஒண்ணு இருக்குது. அதைச் சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். போன வருசம் எங்கிட்ட ஆராய்ச்சி பண்ணின பொண்ணு, பிரிசில்லான்னு பேரு, இந்த முறையைப் பழகிக்கறதுக்காக எங்க டிபார்ட்மெண்டுலயே பண்ணிப் பாக்கறேன்னா. பண்ணும்மான்னேன். என்னையும் சேத்துப் பதினோரு பேரு. கெட்டிக்காரப் பொண்ணு, நம்பரைக் குலுக்கிப் போட்டுத்தான் குடுத்தா. யார் எந்த நம்பர்னு அவளுக்கு மட்டும்தான் தெரியும். நான் சொல்லிக் குடுத்ததுதான் அது. பம்புக் கம்பெனிக்கு அப்புறம் எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுக்கறேன். ஏன்னு கேக்காதீங்க.

படம் போட்டுக் காட்டினா. ஏழாம் நம்பருக்கு ஒரு கோடும் வரலை. மத்த பத்துப் பேரும் திரையையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. ஒருத்தர்கூட என் பக்கம் திரும்பலைங்க. இருபது நிமிசம். அப்படித் திரும்பாம இருக்கறதுக்கு எவ்வளவு கஷ்டப்படணும் தெரியுங்களா? பாத்துக்கிட்டு இருந்த எனக்கே கழுத்து வலிச்சுது.

ஏழு நான்தான்னு யாரும் சொல்லலை. எனக்கும் அது உறுதியாத் தெரியாது, இன்னிக்கு வரைக்கும் தெரியாது. எல்லாரும் மூணு பேர் எழுதியிருந்தாங்க. ஏழாம் நம்பர்ல இருந்து போன கோடு மட்டும் ரெண்டுதான். நானும் ரெண்டுதான் எழுதினேன், மூணாவதா ஒரு பேரு எனக்குத் தோணலை. அது தற்செயலாக்கூட இருக்கலாம். நான் பிரிசில்லாவைக் கூப்பிட்டு, பதினோரு பேர் வெச்செல்லாம் முடிவு சொல்லக் கூடாது, இது செல்லாது, தூக்கிப் போடுன்னுட்டேன். சரிங்க மேடம்னா. அடுத்த மாசம் வேற கைடுகிட்டப் போயிட்டா. அவ தலைப்பு மாறிருச்சு, அதனால.

நான் ரூம்லதான் சாப்பிடுவேங்க. ரெண்டாயிரத்து ஒம்பதுல ஒரு வருசம் வேலை ரொம்ப ஜாஸ்தியா இருந்துச்சு, அப்படியே பழகிருச்சு. கதவு சாத்தியிருக்கும், ஆனா தாழ் போட மாட்டேன். ஒரு நாளும் போட்டதில்லை. யார் தட்டியிருந்தாலும் வாங்கன்னு சொல்லியிருப்பேன்.

ரிட்டயர்மெண்டு அன்னிக்கு நல்லாத்தான் செஞ்சாங்க. சால்வை, மாலை, குரூப் போட்டோ. சாப்பாடு பார்சலாக் குடுத்துட்டாங்க. அன்னிக்கு எல்லாருக்கும் பரீட்சை மேற்பார்வை, யாருக்கும் உக்கார நேரமில்லை. நான் பிரியாணியை வீட்டுக்கு எடுத்துட்டு வந்து சாப்பிட்டேன். நல்ல பிரியாணி. அதுல இருந்து இந்த ஆறு மாசத்துல, தம்பி வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை போன் பண்றான், பால்காரர் காலையில வர்றார். அவ்வளவுதான் பேச்சு. ஞாயித்துக்கிழமை இவ்வளவு நீளமா இருக்கும்னு எனக்கு இத்தனை வருசம் தெரியாது. தனியா இருக்கறது ஒரு மாதிரி வலிக்குதுங்க. சைக்காலஜி புரொபசர் இப்படிச் சொல்லலாமான்னு தெரியலை, ஆனா வலிக்குது.

அதனாலதான் புத்தகம் எழுத உக்காந்தேன். முப்பது வருச வேலையை ஒரே புத்தகமா. பம்புக் கம்பெனிக்கு ஒரு அத்தியாயம். பதினேழாம் நம்பரைப் பத்தி எழுதணும்னா அவங்க சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டுத் தரணும்னு பதிப்பகத்துல சொல்லிட்டாங்க. சரின்னு பழைய பெட்டியை எறக்கி அந்தத் தாளை எல்லாம் எடுத்தேன். இருபத்துநாலு தாள். பதினேழாவதையும் எடுத்தேன்.

மூணு வரியிலயும் ஒரே பேருங்க. புரொபசரம்மா. புரொபசரம்மா. புரொபசரம்மா. அவங்களுக்கு எழுத்து ரொம்ப வராது. ஒவ்வொரு எழுத்தும் இவ்வளவு பெருசு, பேனாவை அமுத்திப் புடிச்சதுல பின்பக்கம் தடவினா விரலுக்குத் தட்டுப்படுது. பக்கத்துல செவப்புப் பேனாவுல, என் கையெழுத்துல, தொண்ணூத்தொம்பதுன்னு இருக்குது. தொண்ணூத்தொம்பதுன்னா செல்லாதுன்னு அர்த்தம். எழுதாம விட்டாலும், பட்டியல்ல இல்லாத ஆளை எழுதினாலும், தொண்ணூத்தொம்பது போட்டுத் தள்ளிருவோம். நான் வைண்டிங் செக்சன் ஆள் இல்லையே. சரியாத்தான் போட்டிருக்கேன். இன்னிக்கு அந்தத் தாளைக் குடுத்தாலும் அப்படித்தான் போடணும், வேற வழி கெடையாது.

எதுக்கு என் பேரை எழுதினாங்கன்னு ரெண்டு நாள் யோசிச்சேன். அப்புறம் ஞாபகம் வந்துச்சு. ஒரு நாள் நான் டப்பாவை வீட்டுல மறந்துட்டுப் போயிட்டேன். கேன்டீன்ல எல்லா மேசையும் நெறஞ்சு கெடக்குது, அமராவதி பக்கத்துல மட்டும்தான் எடம். உக்காந்தேன். அவங்க டப்பா மூடியில பாதிப் புளிசாதத்தைத் தள்ளி என் பக்கம் நகத்தினாங்க. பசி, சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் போடட்டுங்களாம்மான்னாங்க, போடுங்கன்னேன். அவ்வளவுதாங்க நடந்தது. வேற எடம் இருந்திருந்தா நான் வேற எடத்துல உக்காந்திருப்பேன். அது அவங்களுக்குத் தெரியாது.

முப்பத்தோரு வருசமா ஊர்ல இருக்கற எல்லார்கிட்டயும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கேன். என் பேரு எழுதின தாள்னு என் கையில இருக்கறது அது ஒண்ணுதான்.

அதான் கெளம்பிட்டேன். கம்பெனி வாட்ச்மேன்கிட்ட நம்பர் வாங்கிப் போன் பண்ணினேன். எந்தப் புரொபசரம்மான்னாங்க. பம்புக் கம்பெனின்னேன். ஓ, நீங்களாம்மான்னாங்க. அப்புறம் சொல்லுங்கன்னாங்க. ஒரு கையெழுத்து வேணும், புதன்கிழமை வரட்டுங்களான்னேன். வாங்கன்னாங்க. சாப்பாடு கொண்டு வர்றேன்னு நான் சொல்லலை. சொன்னா வேண்டாம்பாங்க. நேரா மத்தியானமாப் போய் டப்பாவைத் தொறந்துட்டா என்ன சொல்ல முடியும், உக்காந்துதானே ஆகணும். காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சுப் புளி கரைச்சேன். நெலக்கடலை தூக்கலாப் போட்டிருக்கேன், அன்னிக்கு அவங்க சாதத்துல அப்படித்தான் இருந்துச்சு. ஒரே ஒரு நாள் சாப்பிட்டதுதான், ஆனா நல்லா ஞாபகம் இருக்குது.

ஒரு நிமிசங்க, போன். அவங்கதான்.

ஹலோ. ஆமாங்க, நான்தான். கோவில்பாளையம் தாண்டிருச்சு. இல்லை இல்லை, பன்னெண்டரைக்கெல்லாம் வந்துருவேன். ம். ம். அப்படிங்களா. எத்தனை பேரு? சரி. சரிங்க. ரெண்டு மணிக்கு மேலயே வர்றேன். எனக்கென்ன சிரமம், ஒண்ணுமில்லை. வெச்சிரட்டுங்களா.

ஒண்ணுமில்லைங்க. தையல் யூனிட்டுல இருக்காங்களாம். ஒண்ணுல இருந்து ரெண்டு வரைக்கும் சாப்பாட்டு நேரமாம். "அந்நேரத்துக்கு வந்துராதீங்கம்மா, நாங்க ஆறு பேரு ஒண்ணா உக்காந்து சாப்பிடுவோம், எனக்காக எல்லாரும் காத்திருப்பாங்க, நடுவுல எந்திரிச்சு வர முடியாது. முடிஞ்சப்பறம் வாங்க, போட்டுத் தர்றேன்"ங்கறாங்க. மரியாதையாத்தான் சொன்னாங்க. போட்டுத் தர்றேன்னுட்டாங்கல்ல, எனக்கு வேண்டியது அதுதானே.

ஆறு பேரு. பாருங்க. படம் போட்டா அவங்க வட்டத்துக்கு அஞ்சு கோடு வரும். யாரும் சீட்டுக் குலுக்கலை, திரை போட்டுக் காட்டலை, அவங்களா சேந்துக்கிட்டாங்க. புத்தகத்துல இதை எங்க சேக்கறதுன்னு தெரியலை.

பன்னெண்டரைக்கு எறங்கினா ரெண்டு மணி வரைக்கும் பஸ் ஸ்டாண்டுலயே உக்காந்திருக்கலாம். பெஞ்சு இருக்கும். புளிசாதம் ஒண்ணும் ஆகாது, ராத்திரி வரைக்கும் தாங்கும். ஒரு டப்பா நீங்க எடுத்துக்கறீங்களா? அட, விருந்துக்குப் போறவங்ககிட்டப் போய் புளிசாதத்தை நீட்டறேன் பாருங்க.

அன்னூர் வந்துருச்சுங்களா. இவ்வளவு சீக்கிரம் வந்துருச்சே. தட்டைக் குடுங்க, நீங்க எந்திரிக்கற வரைக்கும் நான் புடிச்சுக்கறேன். காதுகுத்து மண்டபத்துலயா, வீட்டுலயா? மண்டபமா. எத்தனை பேர் சாப்பிடுவாங்க? முந்நூறா. முந்நூறு எலை போடற எடத்துல ஒருத்தர் கூடுதலா இருந்தாலும் தெரியாது, இல்லாட்டியும் தெரியாது, இல்லைங்களா?

இல்லைங்க, சும்மா கேட்டேன். பழக்கதோசம், எல்லார்கிட்டயும் கேக்கற கேள்விதான். இந்தாங்க தட்டு. பாத்து எறங்குங்க, படி ஒசரமா இருக்குது.